மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே ஒரு வீடு

ஒரு வீடு எப்போது வீடாகிறது என்பதைப் பற்றிப் பெரியவர்கள் பலவிதமாகச் சொல்லியிருக்கலாம். வெளிநாட்டவர் குடியிருப்பு அலுவலகம் மட்டும் அதில் குழப்பத்துக்கே இடம் வைக்கவில்லை. உள்ளே ஒரு சோபா இருந்தால் அது வீடு. இல்லாவிட்டால் அது வெறும் இடம். இடத்தில் தனி ஆள் தங்கலாம், குடும்பம் வாழ முடியாது. குடும்பத்தை வரவழைக்க வேண்டுமென்றால் ஆய்வாளர் நேரில் வந்து, அந்தச் சோபாவில் தாமே அமர்ந்து பார்த்து, 'குடும்பம் வாழத் தகுந்தது' என்று சான்றிதழ் வழங்க வேண்டும்.

இந்த விதி நம்முடைய லிஃப்ட் மெக்கானிக்குக்கு நன்றாகத் தெரியும். வேறொரு நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் வாடகைக்குக் குடியிருந்தார். அவர் வீட்டில் ஒரு பாய், ஒரு அடுப்பு, கால் நொண்டிய ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஆகியவை இருந்தன. மனைவியும் மகளும் சொந்த நாட்டில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, நம்ம புது வீட்டுல நான் உக்கார என்ன இருக்கு?" என்று மகள் போனில் கேட்டாள்.

"தரை இருக்குடா கண்ணு. நல்ல அகலமான தரை."

"தரை இங்கயே இருக்குப்பா."

பிள்ளை சொன்னதில் தவறில்லை. மெக்கானிக் அன்றே மேசை நாற்காலி விற்கும் பெரிய கடைக்குப் போனார். கழுத்துப் பட்டை கட்டிய விற்பனையாளர் ஓடிவந்து கும்பிட்டார்.

மெக்கானிக் ஒரு சோபாவைத் தொட்டுப் பார்த்தார். சாயம் உரிந்து, கைப்பிடி தேய்ந்து, துணி வெளுத்துப்போயிருந்தது. இது நம் சக்திக்கு அடங்கும் என்று விலையைக் கேட்டவர், கேட்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

"பழசுக்கா இந்த விலை?"

"பழசு இல்ல சார். பழசு மாதிரி செஞ்ச புதுசு. தேய்க்கிறதுக்குன்னே ஆறு பேர் வேலை பார்க்கறாங்க."

"அப்போ தேய்க்காத புதுசு இருந்தா குடுங்க. நானே உக்காந்து தேய்ச்சுக்கறேன்."

விற்பனையாளர் பரிதாபமாகப் பார்த்தார். "அதெல்லாம் இப்ப யார் சார் வாங்கறாங்க? உங்களுக்குச் சோபாவே வேண்டாம்னு தோணுது. இப்போ புது நாகரிகம் என்ன தெரியுமா? காலி அறை. எங்க நிபுணர் வீட்டுக்கே வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுக் காலி பண்ணித் தருவார். அதுக்குத் தனிக் கட்டணம்."

"என் ரூம் ஏற்கெனவே காலிதாங்க."

"அது ஏழைக் காலி சார். நாங்க தர்றது பணக்காரக் காலி."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க நினைத்தார். அதற்கும் கட்டணம் இருக்கும் என்று பயந்து வெளியே வந்துவிட்டார்.

அவர் முகத்தைப் பார்த்தே இரண்டாம் மாடித் தையல்கார அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் எல்லாருமே வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். மெக்கானிக்கைத் தவிர எல்லாரும் சான்றிதழ் வாங்கியவர்கள். எல்லாருக்கும் சேர்த்து இருந்ததோ ஒரே சோபா.

"எதுக்குத் தம்பி கடை கடையா அலையறே? என் சோபா இருக்கு. வருஷா வருஷம் சான்றிதழைப் புதுப்பிக்க அந்த ஆய்வாளர் வரும்போதெல்லாம் அதுதான் வீடு வீடாப் போகுது. அவர் கீழ்வீட்டுல உக்காந்து எழுந்து, கைகழுவி, செருப்பு மாட்டறதுக்குள்ள சோபா அடுத்த வீட்டுக்குப் போயிடும்."

"அவருக்குத் தெரியாதாக்கா?"

"கத்தரிப்பூக் கலர் சோபா. எப்படித் தெரியாம இருக்கும்? 'இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் ஒரே ரசனை'ன்னு பாராட்டி எழுதியிருக்காரு."

ஆனால் சோபா இதுவரை நான்காம் மாடியைத் தாண்டியதில்லை. வீட்டுக்காரர் ஐந்தாம் மாடியைப் பின்னால் யோசித்துக் கட்டியவர். படிக்கட்டை அதற்கும் பின்னால் யோசித்திருக்கிறார். ஒல்லியான ஆள் ஒருக்களித்து ஏறலாம். மூன்றாம் மாடி பேக்கரிக்காரர் மாவு மூட்டை தூக்கிப் பழகியவர், அவரும் சோபாவின் ஒரு முனையைப் பிடித்து முட்டிப் பார்த்தார். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்ததுதான் மிச்சம்.

"லிஃப்ட் இருக்குல்ல?" என்றார் பேக்கரிக்காரர், மூச்சு வாங்கியபடி.

இருந்தது. அதன் கதவில் 'பழுதுபார்க்கப்படுகிறது' என்ற பலகையும் இருந்தது. பலகையின் எழுத்தே அழிந்து, அதைப் பழுதுபார்க்க வேண்டிய நிலை. நகரத்து லிஃப்டுகளை எல்லாம் பகலில் ஓடவைத்துவிட்டு, சாயங்காலம் தம் வீட்டுக்கு ஐந்து மாடி ஏறிக்கொண்டிருந்த மெக்கானிக், வந்த புதிதிலேயே வீட்டுக்காரரிடம் கேட்டிருந்தார்: "நான் சும்மாவே சரி பண்ணித் தர்றேங்க."

"வேணாம் தம்பி. ஓடினாத்தானே கெட்டுப்போகும்? இப்ப கெட்டுப்போகவே போகாது பாருங்க" என்று வீட்டுக்காரர் மறுத்துவிட்டார்.

இப்போது ஆய்வு நாள் நெருங்கிவிட்டது. அதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு அடுத்த வருஷம்தான். மெக்கானிக் வீட்டுக்காரரிடம் மறுபடி கேட்கவில்லை. ஆய்வு நாளன்று விடிந்ததும் வேலையைத் தொடங்கினார். கம்பியை மாற்றி, எண்ணெய் போட்டு, தூசு தட்டியதில் லிஃப்ட் ஒருமுறை முனகிவிட்டு எழுந்துகொண்டது. இரண்டாம் மாடியில் அதை நிறுத்தி எல்லாரும் சாமான்களை ஏற்றினார்கள். கத்தரிப்பூச் சோபா, அதன் முன்னால் அக்காவின் சின்ன விரிப்பு, ஒரு பூந்தொட்டி, பேட்டரியில் எரியும் மேசை விளக்கு. ஆய்வாளரை உபசரிக்கப் பேக்கரிக்காரர் ஒரு பை நிறைய பன் கொடுத்தார். வேறு இடம் இல்லாததால் மெக்கானிக் சோபாவின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஐந்தாம் மாடிப் பொத்தானை அழுத்தக் கையை நீட்டினார். அதற்குள் கீழே யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள். வெகுகாலம் சும்மா கிடந்த லிஃப்ட் ஆசையோடு கீழே ஓடியது.

கதவு திறந்தது. எதிரே ஆய்வாளர் நின்றார். அரசு ஊழியர் ஒருவர் குறித்த நேரத்துக்கு முன்பே வந்தது அந்த நகர வரலாற்றில் அதுதான் முதல் தடவை. அதற்கான தண்டனை அவருக்கு உடனே கிடைத்தது.

"வணக்கம் சார்" என்று மெக்கானிக் எழுந்தார்.

விளக்கு, பூந்தொட்டி, விரிப்பு, நடுவில் தமக்கு நன்கு பழக்கமான சோபா. ஆய்வாளருக்கு முட்டிவலி வேறு. வேறெதுவும் யோசிக்காமல் உள்ளே வந்து "அப்பாடா" என்று உட்கார்ந்தார். கதவு மூடியது. லிஃப்ட் மேலே ஏறியது, மூன்றாம் மாடியைத் தாண்டியது, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

"என்ன தம்பி?"

"நின்னுடுச்சு சார். மோட்டார் மேல இருக்கு, நான் உள்ள இருக்கேன். வெளிய போனாத்தான் சரி பண்ண முடியும். சரி பண்ணாத்தான் வெளிய போக முடியும்."

இந்த வகை நிலைமை ஆய்வாளருக்குப் புதிதல்ல. அவர் அலுவலகமே அப்படித்தான் நடந்தது. அமைதியாகப் பேனாவை எடுத்தார்.

"ஆய்வை மதியச் சாப்பாட்டுக்குள்ள முடிக்கணும்னு விதி. தொடங்குவோம். சுவர்கள்?"

"சார், நம்ம இன்னும் வீட்டுக்குப் போகல. இது லிஃப்ட்."

"தம்பி, நான் எதை ஆய்வு செய்ய வந்தேன்?"

"வீட்டை."

"இப்போ என்ன செஞ்சுக்கிட்டிருக்கேன்?"

"ஆய்வு."

"அப்போ இது வீடுதானே? இல்லேன்னு சொன்னா, சொந்த வீட்டையே ஒப்புக்கொள்ளாதவர்னு எழுத வேண்டியிருக்கும். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

மெக்கானிக்குக்கு மகளின் குரல் காதில் கேட்டது. "சுவர் நாலும் இருக்கு சார்" என்றார்.

"கூரை, தரை இருக்கு. கதவு பாதுகாப்பானதா?"

"யாராலயும் திறக்க முடியல சார்."

"மிகச் சிறப்பு. காற்றோட்டம்?"

"மேல சின்ன ஃபேன் இருக்கு."

"கண்ணாடியும் மாட்டியிருக்கீங்க. அழைப்பு மணி?"

மெக்கானிக் அபாய மணியை அழுத்தினார். அது அலறியது. "என்னாச்சு தம்பி?" என்று வெளியிலிருந்து தையல்கார அக்கா கத்தினார்.

"அக்கம்பக்கத்தார் அக்கறை உள்ளவர்கள்" என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார். பையிலிருந்து மெக்கானிக் நீட்டிய பன்னைத் தின்றுகொண்டே, "சமையல் வசதி திருப்தி" என்றார். "குளியலறை?"

"அது... இப்போதைக்கு எனக்கு அவசரம் இல்ல சார்."

"எனக்கு இருக்கு. சீக்கிரம் முடிப்போம்."

ஆய்வாளர் முத்திரை குத்தி முடிக்கவும், வெளியே பேக்கரிக்காரர் ஒரு கம்பியால் கதவை நெம்பித் திறந்தார். கீழ்ப்பாதியில் மூன்றாம் மாடி தெரிந்தது, மேல்பாதியில் சுவர். ஆள் குனிந்து வெளியேறலாம். சோபா குனியாது. ஸ்டூல் போட்டு ஆய்வாளரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அவர் பேக்கரிக்காரர் வீட்டுக்குள் ஓடி, சற்று நேரம் கழித்து நிம்மதியான முகத்தோடு வந்தார்.

"லிஃப்டை இப்பவே சரி பண்ணிடறேன் சார்" என்றார் மெக்கானிக்.

"கூடவே கூடாது! உங்க முகவரி 'மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இடையில்'னு பதிவாயிருக்கு. வீடு நகர்ந்தா முகவரி மாறிடும். முகவரி மாறினா சான்றிதழ் செல்லாது. சோபாவும் அதிலதான் பதிவு. அதையும் எடுக்கக்கூடாது."

இப்படியாக, நாள் முழுவதும் ஊரார் லிஃப்டை ஓடவைப்பதும், வீடு திரும்பியதும் தம் லிஃப்ட் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வதும் மெக்கானிக்கின் கடமைகள் ஆயின.

மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஐந்தாம் மாடி ஏறிய மனைவி, மூச்சு திரும்பியதும் கேட்ட முதல் கேள்வி:

"ஏங்க, லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு இவ்வளவு படியா?"

"மெதுவாப் பேசு. லிஃப்ட் ஓடினா நீங்க ரெண்டு பேரும் திரும்பிப் போகணும்."

மகள் தன் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "சோபா இருக்குன்னீங்களேப்பா?"

"இருக்கு கண்ணு. வீட்டுல இருக்கு. இது மாடி."

பிறகு மற்றவர்களின் சான்றிதழ்களைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. சோபாதான் நகராதே. வீடு வீடாகப் போன சோபாவைத் தேடி வீடு வீடாக ஆட்கள் வந்தார்கள். தையல்கார அக்கா ஸ்டூல் போட்டு ஏறி ஆய்வாளரை வரவேற்றார். அடுத்து பேக்கரிக்காரர். அடுத்து நான்காம் மாடிக்காரர்கள். ஆய்வாளர் எழுந்திருக்கக்கூடச் சிரமப்படவில்லை. உட்கார்ந்த இடத்தையே முகவரியாக எழுதி அத்தனை குடும்பங்களுக்கும் முத்திரை குத்திவிட்டு, "ரசனை மாறவேயில்லை" என்று பாராட்டினார். நாகரிகப் பத்திரிகை ஒன்று படம் பிடித்துப் போட்டது. 'ஒரே அறை, ஒரே சோபா, நிறைந்த மனம்' என்று தலைப்பு. அந்தப் பெரிய கடையில் லிஃப்ட் அளவுக்கு அறைகள் விற்பனைக்கு வந்தன. நகராத லிஃப்டுக்கு விலை கூடுதல்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் ஆய்வாளர் பதவி உயர்வு பெற்று, புதுக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்தார். புதுக் கண்ணாடி வழியாக லிஃப்டின் சுவரில் ஒரு சின்னப் பலகை தெரிந்தது. 'நான்கு பேர் மட்டும்.'

எல்லாரையும் மூன்றாம் மாடிக்குக் கூப்பிட்டார். "இது பயங்கர நெரிசல். கட்டடம் முழுக்க இந்த ஒரு வீட்டுலயா குடியிருக்கீங்க? நாலு பேர் இருக்கலாம். மத்தவங்க காலி பண்ணணும்."

"எங்க சார் போறது?" என்றார் அக்கா.

"ஏன், மாடிகள்ல வீடெல்லாம் காலியாத்தானே கிடக்கு? எங்க பதிவுல ஒருத்தர்கூட அங்க இல்ல. விண்ணப்பிச்சா குடுக்கறோம்."

"நிஜமாவா சார்?" மெக்கானிக்குக்குக் கண் பிரகாசித்தது.

"நிச்சயமா. ஆனா வீட்டுல ஒரு சோபா இருக்கணும்." அவர் ஸ்டூலில் இறங்கினார். "அடுத்த தடவை வரும்போது உள்ள யார் நாலு பேர் இருக்காங்களோ, அவங்கதான் குடித்தனக்காரங்க."

அவர் தலை மறைந்ததும் எல்லாரும் லிஃப்டை நோக்கித் திரும்பினார்கள். பிறகு, "என் சோபா. நான்தான் இருப்பேன்" என்றார் அக்கா. "கதவைத் திறந்ததே நான்" என்றார் பேக்கரிக்காரர். "லிஃப்டை எழுப்பினது யாரு?" என்றார் மெக்கானிக். ஒருவருக்காக இன்னொருவர் சோபாவைத் தூக்கிச் சுமந்த அந்த மனிதர்கள் அன்றுதான் முதல்முதலாகச் சண்டை போட்டார்கள், ஒருவரும் ஒரு நாள்கூட வாழாத ஒரு வீட்டுக்காக. தாம் இரவல் கொடுத்த விரிப்பை அக்கா சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் கட்டடத்தில் வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. லிஃப்டில் எந்நேரமும் நான்கு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் படிக்கட்டில் வரிசையாகக் காத்திருந்தார்கள். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, லிஃப்டுக்கும் தனியாக வாடகை வாங்க ஆரம்பித்தார்.

ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், புத்தகப் பையோடு அப்பாவின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். சற்று நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"கால் வலிக்குதுப்பா. வீட்டுக்குப் போலாமா?"

மெக்கானிக் எட்டி லிஃப்டுக்குள் பார்த்தார்.

"கொஞ்சம் இரும்மா. வீட்டுல ஏற்கெனவே நாலு பேர் இருக்காங்க."