உரமுனியின் வலது சுட்டுவிரல்

சந்தைக் கொட்டகையில் அன்று எள் போட்டால் எள் விழாது. உரமுனி வந்திருந்தார். பச்சை அங்கி, மார்பை மறைக்கும் தாடி, வாழ்நாளில் மண்வெட்டி பிடித்தறியாத மெல்லிய விரல்கள். அவருடைய சரக்குக்குப் பெயர் அருள்முத்து. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை உருண்டை. சாதாரண உரம் அவசரக்குடுக்கையாம், ஒரு மழைக்கே கரைந்து ஓடிவிடுமாம். அருள்முத்தோ அவர் கட்டளையிட்டால்தான் திறக்குமாம். பிறகு பயிரின் பசியறிந்து வேளாவேளைக்கு ஊட்டுமாம். பெற்ற பிள்ளைகளே அப்படி இல்லாத காலத்தில், ஓர் உருண்டைக்கு இத்தனை பொறுப்பு.

கோப்பைத் தண்ணீரில் ஒரு பிடி முத்தைப் போட்டார். சத்து கரைந்திருந்தால் சிவக்கும் காகிதத்தை அதில் நனைத்தார். வெள்ளையாகவே இருந்தது. "தூங்குது," என்றார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, வலது சுட்டுவிரலால் மூன்று சுற்றுக் கலக்கினார். காகிதம் சிவந்தது. கொட்டகை அதிர்ந்தது. கடையில் வாங்கிய காகிதம்தானே, அது பொய் சொல்லாதே என்று படித்தவர்களும் தலையாட்டினார்கள். காகிதம் பொய் சொல்லவில்லைதான். அதைக் கலக்கிய விரலைப் பற்றித்தான் யாரும் யோசிக்கவில்லை.

கைதட்டாமல் நின்றவள் ஒருத்தி. மண் சோதனைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்கக் குழாய்களோடு மல்லுக்கட்டுவதால் வீட்டில் அவளுக்குக் குழாய்க்காரி என்று பெயர். அவளுக்குக் கவலை பக்கத்தில் நின்று கைதட்டிய அண்ணனைப் பற்றி. வைத்திருந்த உரத்தையெல்லாம் மச்சானுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மக்காச்சோளத்துக்கு முத்து போட்டு மூன்று வாரமாகிறது. பயிர் முழங்கால் உயரம். அடி இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வந்தன. இன்னும் இரண்டு வாரம் சத்து போகாவிட்டால் கதிரில் மணி பிடிக்காது. அந்த வீட்டுக்கு அந்த வருஷத்துச் சாப்பாடே அந்தக் கதிர்தான்.

அவள் செய்த சோதனை எளிது. கை நீளக் குழாய், அடியில் சல்லடை, உள்ளே மண். மேலே தண்ணீரை அளந்து ஊற்றினால், மண்ணில் கரைந்தது கீழே சொட்டும். அந்தச் சொட்டைத் தினமும் சோதித்தால், உரம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டதா, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஒரு குழாயில் சாதாரண உரம் கலந்த மண், இன்னொன்றில் அருள்முத்து கலந்த மண், மூன்றாவதில் வெறும் மண். வெறும் மண் எதற்கு? மண்ணுக்கே கொஞ்சம் சத்து உண்டு. அதைக் கழிக்காவிட்டால், மண் உழைத்ததற்கு உரம் பேர் வாங்கிவிடும்.

ஒரு வாரம் ஊற்றினாள். சாதாரண உரம் மூன்று நாளில் கொட்டித் தீர்த்தது. முத்துக் குழாய் வெறும் மண்ணைவிட இம்மியும் கூடுதலாகத் தரவில்லை. ஒரு முத்தைச் சுத்தியலால் தட்டினாள். உள்ளே சுட்ட களிமண்.

அண்ணனிடம் சொன்னாள். அவர் மசியவில்லை. "என் மூட்டையை அவர் விரலால தொட்டுக் கொடுத்தார். உன் குழாயில அவர் விரல் படலையே, எப்படித் திறக்கும்? நீ வேற சந்தேகத்தோட தண்ணி ஊத்துற. முத்துக்கு ரோஷம் வராதா?"

ரோஷத்தை விட்டுவிட்டாலும், விரலைப் பற்றிய கேள்வி நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. உரமுனி சோதனைக்கூடத்துக்கே வந்து செய்து காட்டட்டும், கண்ணால் கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று அண்ணனிடமே சொல்லியனுப்பினாள். கையெழுத்து என்றதும் உரமுனிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. மறுநாளே நாற்பது பேரோடு வந்து இறங்கினார்.

"சாமி, இங்க எதைத் தொடுறதுக்கு முன்னாலயும் விரலை நல்ல தண்ணியில அலசணும். எல்லாருக்கும் அதான் வழக்கம்," என்றாள்.

தனக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துக்கொண்டார் அவர். நாற்பது பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. புன்னகையோடு விரலை முக்கினார். பழக்கதோஷத்தில் முணுமுணுத்தும் வைத்தார். அவள் அந்த அலசின தண்ணீரில் காகிதத்தை நனைத்தாள்.

செங்கல்லாய்ச் சிவந்தது.

அண்ணன் குனிந்து கோப்பைக்குள் பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுல முத்தே இல்லையே சாமி. யாருக்குக் கட்டளை போட்டீங்க?"

அப்புறம் சோப்பு வந்தது, நகம் தேய்க்கும் பிரஷ் வந்தது. நகக்கண்ணிலிருந்து உதிர்ந்தது வெள்ளைத் தூள், அவர் வாய் ஓயாமல் திட்டிய அதே சாதாரண உரம். கழுவிய விரலால் முத்துத் தண்ணீரைக் கலக்கினார். மூன்று சுற்று, ஒன்பது சுற்று, முப்பது சுற்று. காகிதம் சிவக்கவில்லை. முத்துக்குக் காது அடைத்துக்கொண்டதோ என்னவோ.

தவத்தால் தன் உடம்பே உரமாகிவிட்டது என்று சமாளித்துப் பார்த்தார். வாசலில் நின்ற விதைக்கடை அம்மா விடவில்லை. "அப்ப எங்க வயல்ல வந்து நில்லுங்க சாமி. வேளாவேளைக்குத் தண்ணி ஊத்துறோம்."

சிரிப்பு அடங்குவதற்குள் உரமுனி பின்வாசல் வழியாக வயலில் இறங்கியிருந்தார். அவர் வயலில் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை, அதுவும் ஓடுவதற்கு.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பயிர் பிழைக்குமா என்று கேட்டார். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, மச்சானிடம் உரத்தைத் திருப்பி வாங்கி, இப்போது பாதி, இரண்டு வாரம் கழித்து மீதி போடச் சொன்னாள். மூன்று நாளில் கொட்டித் தீர்ப்பதை ஒரேயடியாகப் போட்டால் பாதி வீண்தானே. மச்சான் முகத்தில் எப்படி முழிப்பது என்று இழுத்தார் அண்ணன்.

"சோளத்துக்கு வெட்கம் தெரியாதுண்ணே. பசிதான் தெரியும்."

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முத்து இல்லாத தண்ணீரில் ஒரு தடவை விரலை விட்டுக் காட்டுங்கள் என்று கேட்கப் படிப்பு வேண்டாம், குழாயும் வேண்டாம். சந்தைக் கொட்டகையில் அன்று முந்நூறு வாய்கள் இருந்தன. முந்நூறும் திறந்துதான் இருந்தன, வியப்பில். ஒன்றாவது கேள்விக்குத் திறந்திருக்கலாம்.