மகள் ஊருக்கே எழுதிக்கொடுத்த விளையாட்டு

அன்புள்ள வக்கீல் மச்சானுக்கு,

அத்தான் அநேக ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம். உன் அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, குரல் மட்டும் கூடியிருக்கிறது. அச்சகம் ஓடுகிறது. நீயும் வீட்டாரும் சௌக்கியம் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் என் மகள்தான்.

அவள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தது உனக்குத் தெரியும். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருத்தர் கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள்ளேயே ஆளாக நுழைந்து, கதவைத் திறந்தால் பிழைப்போமா மாட்டோமா என்று பகடை உருட்டிப் பார்ப்பது. அதன் விதிகளை எழுதி, அடித்து, திருத்தி வருஷக்கணக்கில் உயிரை விட்டாள். நம் அச்சகத்திலேயே புத்தகமாகப் போட்டோம். கடைசிப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தாள் தெரியுமா? "இந்த விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்து, தங்கள் கதையை எழுதலாம், அச்சிடலாம், விற்கலாம், என் பெயரைச் சொன்னால் போதும்." கஷ்டப்பட்டுக் கட்டின வீட்டுச் சாவியைத் தெருவுல போட்டுட்டு, உள்ள போறவங்க என் பேரைச் சொல்லிட்டுப் போங்கன்னா எப்படி மச்சான்? நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கை சும்மா இருக்குமா? எந்தப் புத்தகம் வந்தாலும் முதல் பக்கத்தில் போடுகிற "அனைத்து உரிமைகளும் ஆசிரியருக்கே, அனுமதியின்றி எடுத்தால் நடவடிக்கை" என்ற வரியைப் பழக்கதோஷத்தில் இதிலும் போட்டுவிட்டது.

வந்தது வினை. முன்பக்கம் துரத்துகிறது, பின்பக்கம் வா என்கிறது, எதை நம்புவது என்று கேட்டு வெளிப் பதிப்பகத்தார் எல்லாம் அவளுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். "யாரைக் கேட்டுப்பா போட்டீங்க?" என்றாள். "எல்லாத்துலயும் போடுறதுதானேம்மா" என்றேன். "நாலு பேர் எடுத்து எழுதினாத்தான்ப்பா இது நாலு ஊருக்குப் போகும், இல்லேன்னா நம்ம வீட்டு மேசையிலயே செத்துப்போகும்" என்று கண் கலங்கிவிட்டாள். மனசு கேட்குமா? உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் அந்த வரிமேல் வெள்ளைச் சீட்டு ஒட்டினேன். விரலோடு விரல் ஒட்டிக்கொண்டு, சாப்பாட்டை உன் அக்காதான் ஊட்ட வேண்டியதாயிற்று. அப்போது அவள் பேசின பேச்சைத் தனிக் கடிதமாகத்தான் எழுத வேண்டும்.

பசைகூடக் காயவில்லை, எதிர்த்தெரு அச்சகக்காரன், அதான் என் வாடிக்கைக்காரர்களைக் கொத்திக்கொண்டு போனவன், நம் பெண்ணின் விதிகளை வைத்துப் பாழடைந்த கோட்டையில் பூதம் இருக்கிற கதை ஒன்றைப் பளபளவென்று போட்டுவிட்டான்! சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் சண்டைக்குப் போனேன். அவன் சாவகாசமாக நாற்காலியை இழுத்துப் போட்டு முதல் பக்கத்தைத் திறந்து காட்டினான். அவள் பெயர், அவன் பெயரைவிடப் பெரிய எழுத்தில். "உங்க பொண்ணோட விதி இல்லேன்னா எனக்குக் கதையே இல்ல சார்" என்கிறான். திட்டப் போன வாயால் "அச்சு சுத்தமா இருக்கு" என்று சொல்லி, அவன் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

ஆனாலும் பெற்றவன் பயம் போகுமா? எல்லாரும் எடுத்துக்கொண்டு போனால் நாளைக்கு அவளுக்கென்று என்ன மிஞ்சும்? ஆகவே நீ ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கோட்டோடு வந்து, அந்த அனுமதியைத் திரும்ப வாங்காவிட்டால் பெரிய சிக்கல் என்று மிரட்டு. மாமா சொன்னால் கேட்பாள்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். குறைவில்லாமல் இரு.

உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் கூப்பிட்டாள். "ஒரு ஆள் குறையுதுப்பா, உக்காருங்க." எதிர்த்தெருக்காரன் கதைதான். சுற்றிலும் முன்பின் தெரியாத பிள்ளைகள், வெளியூரிலிருந்துகூட வந்திருந்தார்கள். பகடை விழும்போதெல்லாம் "விதி என்ன சொல்லுதுக்கா?" என்று அவள் முகத்தையே பார்த்தார்கள். அவளுக்கு மிஞ்சுவது இதுதான் என்று எனக்கு அப்போது உறைத்தது மச்சான். பூதம் என்னை முதல் அறையிலேயே விழுங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை, நானே ஒரு கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். "உன் விதியை எடுத்துக்கட்டுமாம்மா?" என்று கூச்சத்தோடு கேட்டேன். "கேக்கவே வேணாம்ப்பா" என்றாள். ஆகவே மிரட்ட வேண்டாம். ஆனால் கட்டாயம் வா, கறுப்புக் கோட்டையும் எடுத்து வா. என் கதையில் ஒரு வக்கீல் வருகிறார். இரண்டாவது அறையில் செத்துப்போவார், மனசில் வைத்துக்கொள்ளாதே.