மாடிவீட்டுக் கிதாரின் தளர்ந்த கம்பிகள் குறித்து

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நான் ஏதோ இருக்கிறேன். உங்கள் நலத்தையும் அக்காவின் முழங்கால் நலத்தையும் அறிய ஆவல். இதை உங்கள் தங்கையின் கணவனாக எழுதவில்லை. உங்கள் கீழ்வீட்டுக் குடித்தனக்காரனாக எழுதுகிறேன். ஆகவே அழமாட்டேன்.

புகார், மாடிவீட்டுத் தாடிக்காரரைப் பற்றி. பகலில் பல் மருத்துவரிடம் வேலை, சாயங்காலம் மின்சாரக் கிதார். அதைக் காலால் மிதிக்கிற நாலைந்து பெட்டிகளோடு ஒயரில் இணைத்திருக்கிறார். கம்பியை ஒருமுறை தட்டிவிட்டு அவர் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் சத்தம் கலையாமல் மேகம் மாதிரி அங்கேயே நிற்கும். பாட்டா என்றால் பாட்டு இல்லை. அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவன் நான். கம்பிகள் தளர்ந்திருப்பது எனக்குத் தெரியாதா? போன வருடம் சுருதி பார்க்கிற கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு மாடியேறினேன். மனிதர் கோபப்படவில்லை. "தெரிஞ்சேதான் சார் இறக்கி வச்சிருக்கேன். உங்க வீட்டு ஆக்ஸிஜன் மெஷின் உறுமல் தரை வழியா வருது. அதோட மோத வேணாம்னு கம்பியை அதுக்கு ஏத்த மாதிரி வச்சுக்கிட்டேன்" என்றார். நான் அசடு வழிய இறங்கி வந்து சொன்னதும் உங்கள் தங்கை சிரித்த சிரிப்பில் மூக்குக் குழாய் கழன்றுவிட்டது. திட்டிக்கொண்டே மாட்டிவிட்டேன். "அது நம்ம மெஷினோட சேர்ந்து பாடுதுங்க. தனியா மூச்சு விடற மாதிரி இல்ல" என்றாள்.

அவள் போனாள். என் கண்ணில் பட வேண்டாம் என்று, நீங்கள் வாங்கித் தந்த மெஷினை நீங்களே வந்து காரில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். ஆனால் தாடிக்காரர் கம்பிகளை மாற்றவில்லை. மேலே அவர் தொட்டதும் கீழே இல்லாத மெஷின் ஓடுகிறது. குழாய் சரியாக இருக்கிறதா பார்க்க நான் எழுந்து ஓடுகிறேன். இப்படி ஓடி ஒருநாள் காபியைக் காலில் கொட்டிக்கொண்டேன். ஒருநாள் பாதி முகத்தில் சவர நுரையோடு கட்டில் முன்னால் நின்றேன். அதைப் பார்த்த பால்காரர் அன்றிலிருந்து பாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறார். கட்டில் காலியாக இருக்கிறது மச்சான். ஒவ்வொரு தடவையும் காலியாகத்தான் இருக்கிறது.

ஆகவே, ஒன்று அவரை வேறு வீடு பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஊரில் எல்லோரும் வைக்கிற மாதிரி கம்பிகளை வைக்கச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் குடித்தனக்காரன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பொறுமை போய், நானே மாடியேறிச் சொல்லிவிட்டேன். தாடிக்காரர் மறுபேச்சு பேசாமல் ஆறு கம்பிகளையும் முறுக்கி முறைப்படி வைத்து வாசித்தார். ஒரு பிழை இல்லை. கீழே வந்து உட்கார்ந்தேன். எழுந்து ஓட வேண்டிய தேவையே வரவில்லை. அவள் அப்போதுதான் போனாள் மச்சான். மறுபடி மேலே போய்ப் பழையபடி வைக்கச் சொன்னேன். "அந்த மெஷின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் சார் வச்சேன். அது இல்லாம எனக்கு வராது" என்கிறார். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாகக் கொள்ளுங்கள். இதைக் குடித்தனக்காரனாகக் கேட்கவில்லை: மெஷினை ஒரு சாயங்காலத்துக்கு அனுப்பி வையுங்கள். இங்கே யாருக்கும் மூச்சுத் திணறல் இல்லை, பயப்பட வேண்டாம். சுருதி சேர்க்கத்தான்.