மெகாதீரியத்தின் அத்தை

ஒரு விஷயத்தை ராப்பகலாக மனப்பாடம் செய்தால் அது மூளையில் வாடகைக்கு இருக்காது. சொந்த வீடே கட்டிக்கொண்டு மற்றதையெல்லாம் வெளியே தள்ளிவிடும். எனக்குள் அப்படிக் குடியேறியது மெகாதீரியம்.

தென் அமெரிக்காவில் எப்போதோ வாழ்ந்து அழிந்துபோன ஒரு விலங்கின் அறிவியல் பெயர் அது. மரத்தில் தலைகீழாகத் தொங்கியே பொழுதைக் கழிக்கும் ஸ்லாத் இருக்கிறதே, அதன் சொந்தக்காரர். ஆனால் இவர் தரையில் நடந்தவர், யானை அளவு ஆகிருதி. திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை வேலைக்கு நான் திங்கட்கிழமை மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. 'தரையில் வாழ்ந்த எந்தப் பெரிய ஸ்லாத்தைப் பார்த்தாலும் மெகாதீரியம் என்கிறார்கள்; தவறு, அது ஒரே ஒரு பேரினத்துக்கு உரிய பெயர்' என்று ஆரம்பித்து அசத்துவதாகத் திட்டம். (தலைப்பை நானேதான் தேர்ந்தெடுத்தேன். யாரையும் குறை சொல்ல வழியில்லை.)

அதற்கு முந்தின நாள் ஸ்ரீரங்கத்தில் என் அண்ணன் மகனுக்குப் பெயர் வைக்கும் விசேஷம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, ஆஸ்பத்திரி, கோயில், ஊர்ப்பேச்சு எல்லாம் தாண்டிப் பிறந்தவன். எங்கள் பக்கம் குழந்தையின் காதில் முதலில் பெயரைச் சொல்வது அத்தைதான். எனக்கும் அண்ணிக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. அப்படியிருந்தும், "அது அவ உரிமை, அவளே சொல்லட்டும்" என்று அண்ணி சொன்னதாக அண்ணன் போனில் சொன்னபோது, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். இதை ஒழுங்காகச் செய்து அண்ணியோடு ராசியாகிவிட வேண்டும் என்று சபதமே எடுத்தேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, காவிரிப் பாலம் முழுக்க வகுப்பை முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டு அம்மா நான் ஏதோ ஸ்லோகம் சொல்வதாக நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டில் துறையூரிலிருந்து அண்ணி வீட்டார் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டு ரகசியமாக, "இனியன். மறந்துடாத" என்றார்.

"என்ன அண்ணி, நாலெழுத்து. மறப்பேனா?"

துபாயில் இருக்கும் அண்ணியின் தம்பி வீடியோவில் பார்க்க வேண்டுமாம். என் புடவையில் குட்டி மைக் ஒன்றைக் குத்தி, கூடத்தில் ஸ்பீக்கரும் வைத்திருந்தார்கள். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைத்தேன். அவன் என்னை உற்றுப் பார்த்தான். அவ்வளவுதான், மண்டை காலி.

"சொல்லுடி, நல்ல நேரம் போகுது" என்றார் என் அம்மா.

வாயைத் திறந்தேன். "மெகாதீரியம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று முறை சொல்ல வேண்டும் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. சொன்னேன்.

அண்ணியின் அப்பா கைகூப்பிக்கொண்டு, "பெருமாள் பேராம்மா?" என்றார். ஸ்ரீரங்கம் அல்லவா, புரியாத பெயர் வேறு யாருடையதாக இருக்கும்? 'ஆமாங்க' என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். எனக்குள் இருந்த ஆசிரியை விடுவாளா?

"இல்லீங்க மாமா, அது ஒரு மிருகம். அழிஞ்சு போச்சு."

மைக் அதையும் வீடு முழுக்கச் சொன்னது. துபாய்க்கும் சொன்னது.

"பச்சப்புள்ள காதுல அழிஞ்சு போனதோட பேரா!" என்று அண்ணியின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணியின் கண் நிறைந்துவிட்டது. மைக்கோடு காவிரியில் குதித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. (அப்போது காவிரியில் மணல்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.)

"மாத்திச் சொல்லிடறேன் அண்ணி."

"மொதல்ல காதுல விழுந்ததுதாம்மா பேரு. அழிச்சு எழுத இது என்ன சிலேட்டா?" என்றார் அண்ணியின் அம்மா.

என் வகுப்பின் இரண்டாம் பாதியும் அதேதான். ஒரு விலங்குக்கு முறைப்படி முதலில் வைத்த பெயர்தான் நிலைக்கும். பிறகு வருகிறவர் எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும் செல்லாது. அழுகைதான் வந்தது.

"அண்ணி, பேரு வச்சவங்க யாரும் அத உயிரோட பாத்ததில்ல. வெறும் எலும்புதான் கெடச்சுது. ஆனாலும் பேரு வச்சு இன்னிக்கு வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க" என்று உளறினேன்.

அண்ணி குழந்தையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டார். "பெருசா இருக்குமா?"

"யானை அளவு. எதுக்கும் அவசரப்படாதாம்."

"இவனும் அப்படித்தான். எங்கள எத்தன வருஷம் அழ வச்சுட்டு நிதானமா வந்தான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். பிறகு அவரே குனிந்து அவன் காதில் "இனியன்" என்றார்.

இப்போது அவன் பள்ளிக்கூடத்தில் இனியன், வீட்டில் மெகா. அண்ணி வீட்டில் யார் தாமதமாக வந்தாலும் "மெகாதீரியம் வந்தாச்சு" என்கிறார்கள். அது ஒரே ஒரு பேரினத்துக்கு உரிய பெயர் என்று நானும் திருத்திப் பார்த்துவிட்டேன், ஒருவரும் கேட்பதாக இல்லை.

போன வருஷம் அவனுக்குத் தங்கை பிறந்தாள். பெயர் வைக்கும் அன்று, வேறு யாராவது சொல்லட்டுமே என்று துறையூர்க்காரர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். "அத்தை இருக்கறப்ப வேற யாரு?" என்று அண்ணி குழந்தையை என் மடியிலேயே வைத்தார். பிறகு என் காதோடு சொன்னார்:

"மிருகமா இருந்தாலும் பரவால்ல. இந்தத் தடவை உயிரோட இருக்கறதா சொல்லு."