மூன்று வட்டத்து எஸ்டேட் அதிபர்

வாழவந்திப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ரைட்டராக இருந்த லாசருக்கு அந்த இன்லாண்ட் கடிதத்தைப் பிரித்ததும் ஏற்காட்டுக் குளிரிலும் வியர்த்துவிட்டது. பேனா நண்பர் 'ரோஜா நேசன்' ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்கு வருகிறாராம்.

பங்களா முதலாளியுடையது. லாசருக்கு இருந்ததோ காப்பிக் கிடங்கை ஒட்டிய ஓர் அறை. ஆனால் பத்திரிகையின் பேனா நண்பர்கள் பகுதிக்கு எழுதும்போது மனிதர் 'எஸ்டேட் அதிபர்' ஆகிவிட்டார். பொழுதுபோக்கு: ரோஜா, சதுரங்கம், நாய் வளர்ப்பு. ஒவ்வொன்றுக்கும் பத்திரிகையில் ஒரு நண்பர் வட்டம்; மூன்றிலும் சேர்ந்துகொண்டார். ரோஜாவுக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதில்லை. சதுரங்கக் குதிரை எந்தப் பக்கம் தாவும் என்று தெரியாது. நாயைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போவார். எழுதுவதற்கு இதெல்லாம் எதற்கு? ரோஜா நேசன், சதுரங்கச் செல்வன், நாய்ப் பிரியன் என்று வட்டத்துக்கு ஒருவராகப் புனைபெயரில் எழுதிய மூன்று நண்பர்களும் அவரை மேதை என்றே நம்பினார்கள்.

"என் நாய்கள் கடிக்கும், வரவேண்டாம்" என்று பதில் போட்டார்.

"நாய்ப் பிரியனும் கூட வருகிறார், பார்த்துக்கொள்வார்" என்று வந்தது.

"அன்று சதுரங்கப் போட்டி" என்று எழுதினார்.

"ஆட்டம் பார்க்கச் சதுரங்கச் செல்வனும் வருகிறார்."

முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும். வரவேண்டாம் என்று இன்னொரு தரம் எழுதினால் மூன்று வட்டத்திலும் மானம் போகும். லாசர் மானத்தைக் காப்பாற்றத் தீர்மானித்தார், என்னவோ அது மூட்டை மூட்டையாக இருந்ததுபோல. நல்லவேளை, ஞாயிறானால் முதலாளி சேலம் போய்விடுவார்.

பங்களாச் சாவி சமையல்காரி ராசாத்தியிடம். ஞாயிறு காலை அவளே கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, ஐயாவோட கோட்ட எதுக்குங்க மாட்டறீங்க?"

"குளுருது. மூணு பேருக்கு டீ போடு. அவிய முன்னால என்னைய மொதலாளின்னு கூப்புடு."

"நாக்கு வராதுங்க."

"அப்பச் சும்மா இரு."

வருகிறவர்களுக்குக் காட்டக் கடைத்தெரு ஹனீபாவிடம் இரவல் வாங்கி வந்த நாய், கோட்டின் கையைக் கிழித்துப்போட்டது.

"இதையும் குளுருக்குன்னே சொல்லீருவீங்களா?" என்றாள் ராசாத்தி.

வாசலில் ஜீப் நின்றது. லாசர் கிழிசலை மடியில் மறைத்து, பிரம்பு நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். உள்ளே வந்தது முதலாளியின் டிரைவர் மூக்கன்.

"ஐயாவோட சேலம் போகலியா நீ?"

"இல்லீங்க. உங்களுக்குக் கடுதாசி எழுதுன மூணு பேரும் நம்ம ஐயா ஒருத்தர்தானுங்க. வாசல்ல நிக்கறாரு, மொதலாளி நீங்க கூப்புட்டா உள்ள வர்றாராம்."