பீரோ செய்த லாரி

தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்களில் பீரோவைப் போல ஒரு கிறுக்கர் இதுவரை பிறந்ததில்லை, இனியும் பிறக்கப் போவதில்லை. பாபநாசத்திலிருந்து புன்னக்காயல் வரைக்கும் லோடு அடித்தவன் சொல்லுகிறேன், நம்புங்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பீரோவைப் பற்றி ஆரம்பித்துவிட்டால் பிறகு என்னை எல்லோரும் மறந்துபோகிறார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கிளீனராக லாரியில் ஏறி, இன்றைக்குப் பேட்டையில் நாலு லாரிக்கு முதலாளி. எங்கள் தெருவில் வண்டி என்றால் நான்தான்.

இதில் ஒரே ஒரு குறை, என் இடது முழங்கால். முப்பது வருசம் கிளட்ச் மிதித்த கால், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலைநிறுத்தம் செய்துவிட்டது. வண்டி போய் என் ஷெட்டின் கேட்டையே பெயர்த்துவிட்டது. அன்றைக்கு என் மகன்கள் இரண்டு பேரும் எல்லாச் சாவியையும் பிடுங்கிக்கொண்டார்கள். நாலு லாரி முதலாளி, கையில் ஒரு சாவி கிடையாது. ஸ்டியரிங் பிடித்த கை சும்மா இருந்தால் எப்படி அரிக்கும் என்று பிடித்தவனுக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்வீட்டு பீரோ லாரி செய்யக் கிளம்பினார்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் இரும்பு பீரோவும் கட்டிலும் செய்வார். எலும்பும் தோலுமான உடம்பு. வாயில் எப்போதும் இரண்டு ஸ்குரூ இருக்கும், பேசும்போது மட்டும் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். எங்கே போனாலும் சைக்கிள்தான். பஸ்ஸில் ஏறினால் வாந்தி. ஆழ்வார்திருநகரியில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு விடியற்காலை சைக்கிளில் கிளம்பி, பந்தி முடிந்து இலை எடுக்கும்போது போய்ச் சேர்ந்த மனிதர்.

ஒரு நாள் செல்போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். அமெரிக்காக்காரன் ஒருவன் பழைய லாரியைத் தரையோடு தரையாக அமுக்கி, இஞ்சினை வெளியே தெரியவிட்டு, புகைக் குழாய்களைப் பக்கவாட்டில் நீட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அதற்கு ஹாட் ராட் என்று பெயராம்.

“இத மாதிரி ஒண்ணு செய்யுதேன் வே.”

“வே, நீரு செய்யுத பீரோவே ஒரு பக்கம் சாஞ்சு நிக்கும். லாரியா செய்யப் போறீரு?”

“சாஞ்சா அடியில அட்டை வச்சிக்கிடலாம் வே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரமே நாங்குநேரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் துருப்பிடித்துக் கிடந்த, இஞ்சின் முன்னால் மூக்காக நீண்ட பழைய மூக்கு லாரி ஒன்று வந்து இறங்கியது. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் பீரோ அந்த வண்டியைத் தொடவில்லை. கோழிக்கு விடுமுறை கொடுத்து லாரி செய்கிற ஆளை நீங்கள் பார்த்ததுண்டா?

நான் தினமும் காலைச் சாப்பாடு முடிந்ததும் போய் ஒரு கவிழ்த்த டின் மேல் உட்கார்ந்து குறை சொல்லுவேன். எனக்கும் பொழுது போக வேண்டாமா?

“எதுக்குவே எட்டுச் சைலன்சர்? இஞ்சின்ல இருக்கது நாலு சிலிண்டருல்லா?”

“நாலுல புகை வரும். மத்த நாலு அழகுக்கு.”

எட்டுமே கட்டில் கால் குழாய். கதவுக்கு பீரோ கைப்பிடி. கதவின் உள்பக்கம் ஆளுயரக் கண்ணாடியை வெட்டிப் பதித்திருந்தார். டேஷ்போர்டில் ஒரு லாக்கர். நிறமோ அவர் செய்கிற இரும்பு பீரோக்களின் அதே கிரீமும் காப்பியும். சாமான் வாங்க வந்த ஒரு அம்மாள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுல எத்தன தட்டு வரும் அண்ணாச்சி?” என்று கேட்டாள். நான் டின்னிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அதுதான் எனக்கு ஆகாது. மூன்று வருசமாகத் தெருவே அந்தக் கொட்டகையில்தான் கிடந்தது. என் டிரைவர், லோடு இறக்கிவிட்டு நேராக அங்கே போய்த் தகரம் பிடித்தான். என் வீட்டுக்காரி எனக்கு ஆறின வடையை வைத்துவிட்டுச் சூடான வடையை அங்கே கொடுத்தனுப்பினாள். நான் விடுவேனா? என் பெரிய லாரிக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்து, ஐந்து குரலில் கத்துகிற ஹாரன் மாட்டி, டிரைவரை விட்டுத் தெரு நடுவில் நிறுத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நிப்பாட்டச் சொல்லுங்க, பீரோ வண்டிய மறைக்குது” என்றார்கள்.

ஒரு தடவை கல்யாணச் சீருக்குச் செய்த பீரோவை வாங்க பெண் வீட்டார் வந்தார்கள். அதன் இடது கதவு வண்டியில் இருந்தது! அளவு சரியாக இருந்ததாம், மாட்டிப் பார்த்தாராம். இன்றைக்கு இவருக்குப் பூசைதான் என்று நான் டின்னை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பெண்ணின் தகப்பனார் வண்டியைப் பார்த்தார், கதவைத் திறந்து கண்ணாடியில் மீசையை ஒதுக்கினார், குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டு, “பைய செஞ்சு கொடுங்க, அவசரமில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அன்றைக்கு வீட்டில் அடுப்பே பற்றவைத்திருக்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் என் உள்ளெரிச்சல் கூட்டத்தினால் மட்டும் இல்லை. வண்டி முடிந்ததும் இந்த ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டுவார். நான் டின் மேல் உட்கார்ந்து பார்ப்பேன். அதை நினைத்தாலே முழங்கால் ஒரு குத்துக் குத்தும்.

ஒரு மத்தியானம் டேப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தார்.

“அசையாதீரும் வே. வயித்த உள்ள இழுக்காதீரும், இருக்கபடி இருக்கட்டும்.”

“எதுக்குவே என்னய அளக்கீரு? பெட்டி செய்யப் போறீரா?”

“உம்ம சைசுக்குத் தகரம் காணாதுவே” என்று சொல்லி, இடுப்பு, தொடை, கை நீளம் எல்லாம் சுவரில் சாக்பீஸால் குறித்துவைத்தார். என் தொப்பையைத் தெருவுக்குக் காட்டிக் கேலி பண்ணுகிறார் என்று நினைத்தேன். நாலு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் போகாமல் இருக்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வண்டி முடிந்தது. ரோட்டில் ஓட்டக் காகிதம் கிடையாது. அதனால் பக்கத்து ரைஸ்மில்லின் நெல் காயப்போடும் களத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். என் மகன்களும் தள்ளினார்கள், பாவிகள். வெளியே தெரிகிற இஞ்சினுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இஞ்சினை முடுக்கியதும் எட்டுக் குழாயும் அதிர, ரைஸ்மில் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் ஜில்லாவை விட்டே போய்விட்டன. மாலை பாதி கருகி, சாமந்திப் பொரியல் வாசனை வந்தது.

“பீரோ, ஏறும்! ஏறும்!” என்று கூட்டம் கத்தியது.

அவர் ஏறவில்லை. நேராக என்னிடம் வந்தார். “ஏறும் வே.”

“உம்ம வண்டிய நீரு ஓட்டும். எனக்கெதுக்கு ஓசிச் சவாரி?”

“எனக்கு ஓட்டத் தெரியாதே வே.”

சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாத மனிதர் என்பது எனக்குத் தெரியும். மூன்று வருசம் டின் மேல் உட்கார்ந்திருந்தும் அது என் புத்தியில் உறைக்கவில்லை.

“ஓட்டத் தெரியாம எதுக்குவே லாரி செஞ்சீரு?”

“பீரோ செய்யுதவன் எல்லாம் அதுக்குள்ளயா குடியிருக்கான்?”

ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங் என் தொப்பையில் இடிக்கவில்லை. சரியாக நாலு விரல் இடைவெளி. இடது காலால் கிளட்சைத் தேடினேன், இல்லை. கியர் கம்பியோடு சேர்த்து ஒரு பீரோ கைப்பிடி இருந்தது.

“அத அமுக்கும். அதான் கிளட்ச்” என்றார் பீரோ.

சின்ன மகன் ஓடிவந்தான். “யப்பா, கால் தாங்காது, இறங்குங்க!”

“கால் எதுக்குலே? கைதான வேணும். தள்ளி நில்லுலே” என்றேன். கதவை இழுத்துச் சாத்தினேன்.

எலுமிச்சம்பழம் நாலும் நசுங்கின. பீரோ பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, “பைய வே, பைய வே” என்று முனகிக்கொண்டே வந்தார். மூன்று சுற்று முடிந்ததும் இறங்கிப் போய் மில் சுவரோரம் வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஒரு சின்னச் சாவியை என் கையில் வைத்தார். டேஷ்போர்டு லாக்கரின் சாவி. திறந்தேன். உள்ளே என் முழங்காலுக்கு ஒரு பாட்டில் தைலம்.

இன்றைக்கும் எனக்கு அந்த மனிதர் மேல் பொறாமைதான், குறையவே இல்லை. நாலு லாரி சம்பாதித்திருக்கிறேன், ஒரு ஆளையாவது நான் அப்படி அளந்து பார்த்ததுண்டா? வெள்ளிக்கிழமை தவறாமல் களத்தில் மூன்று சுற்று. நான் ஓட்டுவேன், அவர் வாந்தி எடுப்பார். வண்டி அவருடையதுதான், அதில் தகராறு இல்லை. லாக்கர் சாவி மட்டும் என் அரைஞாண் கயிற்றில் கிடக்கிறது. குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.