தண்ணீரைக் கொளுத்திய காற்றாடியார்

மன்னார்த் தீவில் தண்ணீரைக் கொளுத்திய ஒரே மனிதர் எங்கள் காற்றாடியார்தான். அவருடைய சொந்தப் பெயர் பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் இருக்கலாம். தெருவில் யாருக்கும் தெரியாது.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து மனைவி ரீற்றா அக்காவோடு திரும்பி, எங்கள் பக்கத்துக் காணியில் குடியேறியவர். வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது, கரண்ட் வரவில்லை. விறகுப் புகையில் அக்கா இருமுவது எங்கள் விறாந்தைக்குக் கேட்கும்.

"இன்னும் ஒரு மாதம் இப்பிடியெண்டா முருங்கனில தங்கச்சி வீட்டை போயிடுவன்," என்றார் அக்கா.

காற்றாடியார் மிரண்டுபோனார். மறுநாளே பழைய லொறி டைனமோ ஒன்றில் விசிறி பூட்டிக் கடற்கரையில் நட்டார். அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜன் எடுத்து, புகையில்லாத அடுப்பு எரிக்கப்போகிறாராம்.

"கரண்டைக் கம்பியில வீட்டுக்குக் கொண்டு வாங்கோவன்," என்றேன்.

"வழியில மெலிஞ்சுபோகும், தம்பி. காத்து எங்கயோ, காஸும் அங்கதான்."

"அப்ப குசினி?"

"குசினியும் அங்கதான்."

சொன்னபடியே குசினி, அடுப்பும் சட்டிபானையுமாக, கடற்கரைக்குப் போய்விட்டது. வீட்டிலிருந்து நடந்து எண்ணியதில் இருநூற்றுப் பதினாறு அடி. சோழகக் காற்றில் சோற்றில் பாதி மணல்.

முதல்முறை கடல்தண்ணீரையே ஊற்றினார். "சும்மா கிடக்கிற கடல்தானே!" உப்பிலிருந்து குளோரின் கிளம்பியது. ஆஸ்பத்திரிக் கழிவறை கழுவிய மணம், கண்ணெரிச்சல். தெருக் கழுதைகள் பஸ் நிலையம்வரை ஓடின. ஊரே கிராம அலுவலரான விதானையாரிடம் முறையிட்டது.

பிறகு மழைத்தண்ணீருக்கும் சலவைச் சோடாவுக்கும் மாறினார். கவிழ்த்த பீப்பாவில் ஹைட்ரஜன் சேர்ந்திருந்த ஒரு மத்தியானம், எல்லாவற்றையும் கழற்றச் சொல்லும் கடிதத்தோடு விதானையார் வந்து நின்றார்.

"பொறுங்கோ ஐயா, ஒரே ஒரு பேணி தேத்தண்ணி."

காற்றாடியார் பீப்பாக் குழாயின் முனையில் நெருப்புக்குச்சியைப் பிடித்தார். உச்சி வெயில். ஒன்றும் தெரியவில்லை.

"எங்க காணும் நெருப்பு? என்னைப் பேய்க்காட்டுறீரோ?" விதானையார் கடிதத்தாலேயே குழாய் முனையைச் சுட்டினார். கடிதம் கையிலேயே பற்றி எரிந்தது.

"யேசுவே!"

விதானையார் கடிதத்தை மணலில் போட்டு மிதித்தார். ஹைட்ரஜன் வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் எரியும் என்பதைக் காற்றாடியார் எங்களுக்குச் சொல்ல மறந்திருந்தார். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். சூடு இருக்கிறதா என்று பார்க்க விரலை நீட்டப்போனவன் நான்.

"வேறை கடிதம் கொண்டு வாறன், இரும்," என்றார் விதானையார். ஆனால் குழாய் முனையில் வைத்த தகரப் பேணி கொதிக்கும்வரை அசையவில்லை. அந்த வேறு கடிதம் வரவுமில்லை.

காற்றாடியார் தேத்தண்ணியை அக்காவிடம் நீட்டினார். அக்கா மெல்ல மெல்லக் குடித்தார். ஒரு இருமலும் இல்லை.

"சரி, முருங்கனுக்குப் போகேல்ல. ஆனா இந்த மணலை நீங்கள்தான் தின்னோணும்."

காற்றாடியார் கடல் பக்கம் திரும்பி மூச்சு விட்டார். நானும் அப்போதுதான் விட்டேன்.